தலை அப்பாவுடையது, கோட் யாருடையதோ

மட்டக்களப்பு நகரில், பிரேம் போடும் வேலையோடு புகைப்படத்தைப் பார்த்து உருவப்படமும் வரைந்து கொடுக்கும் ஒரு கடையில், அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக 16க்கு 20 அங்குல பஸ்டல் (வண்ணத்தூள் குச்சியால் வரைவது) படம் ஒன்றுக்கு முற்பணம் கொடுத்திருந்தேன்.

முகத்தில் குறை சொல்ல இடமில்லை. இடது புருவத்துத் தழும்பும், மூக்குக்கண்ணாடி பல வருடமாக அழுத்தியதால் விழுந்த சிறு பள்ளமும், விரலால் தேய்த்து இழைத்த நிறத்தில் அப்படியே வந்திருந்தன. குறை கழுத்துக்குக் கீழேதான். காரைதீவில் 40 வருடம் தையல் இயந்திரத்தின் முன் இருந்து ஊராருக்குக் கோட் தைத்தவர், தாம் ஒருநாளும் கோட் போடாதவர், படத்தில் கறுப்புக் கோட்டும் டையுமாக இருக்கிறார். அதிலும் பொத்தான்கள் பெண்களின் சட்டையைப் போல இடப்பக்கத்தில். அப்பா கண்டிருந்தால் முதல் வேலையாகப் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார். கேட்டபோது, எல்லோருக்கும் இந்த உடுப்புத்தான் என்றார்கள்.

இது புதிய உபாயமன்று. பிரான்சின் தென்கோடி ஊரான பெர்பிஞ்ஞானில் 1659இல் பிறந்து பாரிசில் பெயர் பெற்ற உருவப்பட ஓவியர் இயாசாந்த் ரிகோவின் கணக்கேட்டில், முன்பு வரைந்த உடையையே திரும்பப் பயன்படுத்திய படங்கள் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் தலைதான் புதிது, உடுப்பு உதவியாளர் பழைய மாதிரியைப் பார்த்து வரைந்தது, விலையும் அதற்கேற்பக் குறைவு. அவருடைய படங்களின் செப்புத்தகட்டு அச்சுகள் பரவியபின், 18ஆம் நூற்றாண்டின் மாகாண ஓவியர்களும் அந்த நிற்கும் பாங்கையும் துணி மடிப்பையும் தம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொருத்தினார்கள். ஆனால் ரிகோவிடம் பழைய உடைக்குப் பழைய உடையின் விலை. நான் கொடுத்ததோ முழு விலை. ஓர்லேயான், போர்தோ, லியோன் என்று ஊரூராகப் போய்ப் பஸ்டலில் வரைந்த ழான்-பப்திஸ்த் பெரொன்னோவுக்கு ஆள் எதிரே இருந்தார். புகைப்படத்தை மட்டும் வைத்து வரைபவர் மகனிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிரேம் வேலை மிக நன்று. பஸ்டல் என்பது தாளில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் வண்ணத்தூள். கண்ணாடி தொட்டால் தூள் அதில் ஏறிவிடும். 1704இல் பிரான்சின் சான் கான்தான் ஊரில் பிறந்த பஸ்டல் ஓவியர் மொரிஸ் கான்தான் தெ லா தூர், தூளை நிலைநிறுத்தக் கலவைகளைப் பூசிப் பார்த்துத் தம் படங்களில் சிலவற்றைத் தாமே கெடுத்துக்கொண்டார். இந்தக் கடையார் எதையும் பூசாமல், தடித்த மவுண்ட் அட்டையை இடையில் வைத்துக் கண்ணாடியை விலக்கியிருந்ததால், காரைதீவு வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோயும் ஒரு துகள் உதிரவில்லை.

திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் வாங்கி, கழுத்துக்குக் கீழிருந்த தூளைத் தட்டியெடுத்து, வெள்ளைச் சட்டையும் தோளில் அளவுநாடாவுமாக 9 நாளில் மறுபடி வரைந்து தந்தார்கள். நாடாவின் நுனியைப் பிடித்திருக்கும் கைகளுக்கு மட்டும் மேலதிகமாக 3,000 ரூபா கேட்டார்கள், கொடுத்தேன்.