தனி அறையா, மணிக்கணக்கு அறையா, வீட்டு முன்னறையா? மனநல ஆலோசகரின் செலவுக் கணக்கு

மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிப் போய், பாதிப் படியில் நின்று செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்த ஆள் நான். மனநல ஆலோசனை வெளியிலிருந்து பார்த்தால் செலவே இல்லாத தொழில். ஸ்கேன் மெஷின் இல்லை, மருந்து ஸ்டாக் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. அப்புறம் ஏன் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை? அறையும் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் செலவுகளும்தான்.

இந்தக் கணக்கை எல்லோரும் மாதத்துக்குப் போடுகிறோம். அமர்வுக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன ஒரு மணி நேரத்துக்கு அறை எவ்வளவு தின்றது? கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனி அறைக்கு வாடகை 15,000. கரண்ட், நெட், கூட்டிப் பெருக்க ஆள் எல்லாம் சேர்த்து 5,000. வரவேற்பில் உட்கார ஒருவருக்கு 12,000. மொத்தம் 32,000. மாதம் 60 அமர்வு நடந்தால் ஒன்றுக்கு 533 ரூபாய். தொடங்கிய புதிதில் 30 வந்தாலே பெரிய விஷயம், அப்போது 1,067. கட்டணமாக 1,000 வாங்குகிறவர் கைக்காசு போட்டு ஆலோசனை சொல்கிறார் என்று அர்த்தம். அட்வான்ஸில் முடங்கும் பணம் தனி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. அந்த ‘எழுதாவிட்டால்’ என்ற சந்தில்தான் வீட்டுக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள்.

இன்னொருவரின் கிளினிக்கில் எடுக்கும் மணிக்கணக்கு அறையை மணிக்கு 300 என்று வைப்போம். அறை கொடுப்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 18% சேர்ந்து 354. நாம் ஜிஎஸ்டி பதிவில் இல்லாவிட்டால் அந்த 54 ரூபாயை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, போனது போனதுதான். அப்படியும் 30 அமர்வுக்கு 10,620, 60க்கு 21,240. தனி அறையின் 32,000ஐ எட்ட மாதம் 91 அமர்வு வேண்டும். வரவேற்பாளரே இல்லாமல் தனி அறையை 20,000க்கு ஓட்டினாலும், 57ஆவது அமர்வில்தான் அது மலிவாகிறது. படியில் நின்று நான் பார்த்தது இந்த எண்ணைத்தான். அன்று எனக்கு மாதம் 22 அமர்வு.

மணிக்கணக்கிலும் ஓட்டை உண்டு. பதிவு செய்தவர் வராமல் போனால் அறைக்காசு நம் தலையில். வருவதாகச் சொல்லிவிட்டு போனை அணைத்துவிடுகிறவர்கள் நம் தொழிலில் கொஞ்சம் அதிகம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, சில நேரம் அதுவே நோயின் ஒரு பகுதி. ஆனாலும் பாதிக் கட்டணத்தை முன்னாடியே யுபிஐயில் வாங்கிவிடுவது நல்லது. இன்னொரு சிக்கல் நேரம். டாக்டர்களின் கிளினிக் மாலையில்தான் நிரம்பும், நமக்குக் காலி கிடைப்பது பகலில். வேலைக்குப் போகிறவர்கள் கேட்பதோ மாலை ஏழு மணி.

மருத்துவமனையோடு பங்கு பேசுவது மூன்றாவது வழி. ஆள் வராவிட்டால் செலவு பூஜ்யம். மனநல மருத்துவர் அங்கேயே இருந்தால் ஆட்களையும் அனுப்புவார். 40% அவர்களுக்கு என்றால் 1,000 ரூபாய்க் கட்டணத்தில் 400 போய்விடும். புதியவருக்கு இது பரவாயில்லை. பேர் கிடைத்து 1,500 வாங்கும்போது அதே நாற்காலிக்கு 600 கொடுக்கிறோம் என்பது உறைக்கும். சதவீதம் பேசினால் மேல் வரம்பும் பேசி வையுங்கள்.

வீட்டு முன்னறைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கரண்டிலும் சாதகம் இருக்கிறது. வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் இருக்கும் தொழில்முறை ஆலோசனை அறைக்கு மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணமே பொருந்தும். நானும் எட்டு மாதம் நடத்தினேன். ஒரு நாள் கணவரை இழந்த ஒரு அம்மா, மூன்றாவது அமர்வில்தான் முதல்முறையாக அழ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசில். அவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்குச் சமையல் நேரம் போல, நான் கிளம்புறேன்” என்று எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அபார்ட்மென்ட் என்றால் இன்னும் மோசம். வாசலில் செக்யூரிட்டி நோட்டில் பெயர், யாரைப் பார்க்க, எதற்கு என்று எழுத வேண்டும். 2017 மனநலச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது, நோட்டோ நாற்காலி மேல் விரித்துக் கிடக்கிறது.

ஆன்லைனில் அறைச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு நெட் இணைப்பும் இன்வெர்ட்டரும் போதும். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒரு அறை வேண்டுமே. மொட்டை மாடியிலிருந்து, நிறுத்திய காருக்குள்ளிருந்து பேசுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அமர்வு தொடங்கும்போதே அவர் இப்போது எங்கே இருக்கிறார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி நேரத்துக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416ஐயும் கொடுத்துவிடுவேன். சின்னக் குழந்தைகளுக்கும் ஐக்யூ சோதனைக்கும் ஆன்லைன் ஒத்துவராது. மனச்சோர்வை அளவிட மட்டும் என்றால் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இலவசம். பெக் அளவுகோலுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் நான் கைவைக்காத செலவு சத்தம் வெளியே போகாமல் தடுப்பது. பிளைவுட் தடுப்பு அறையை மணிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் அறையில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை இருக்கிறேன். மணிக்கு 250, அவர் ஜிஎஸ்டி பதிவில் இல்லை. மாதம் 40 பேர் நேரில், இரவு ஏழுக்கு மேல் 25 பேர் ஆன்லைனில். நெட்டுக்கு 1,500 சேர்த்து 11,500 ஆகிறது, அமர்வுக்கு 177 ரூபாய். கே.கே. நகர் பக்கம் போனால் அந்த மாடி அறையை இன்னும் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்கிறேன். மணிக்கு 250 என்ற இப்போதைய கணக்கில், நேரில் வருகிறவர்கள் 80ஐத் தாண்டினால் மறுபடி படியேறிப் பார்க்கலாம்.