குழந்தைகளுக்கான விலங்குக் காணொளிகள்: இரண்டரை ஆண்டுக்கும் மேலான பயன்பாட்டில் நான் கண்டவை

என் மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்தபோது, விலங்குகளின் பெயரையும் குரலையும் சொல்லித்தரும் காணொளி ஒன்றை முதன்முதலாகக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இப்போது அவனுக்கு மூன்று வயது ஐந்து மாதம். வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீடு. கணவர் இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். பகலில் வீட்டில் நானும் குழந்தையும் மட்டுமே. சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் இருபது நிமிடம் கிடைத்தால் போதும் என்றுதான் தொடங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனுக்கு அறிவு வளரும் என்ற எண்ணம் சில வாரங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகு அதை நான் உறுதியாக நம்பவும் செய்தேன்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. ஒன்றேகால் வயதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சிங்கம், பென்குயின் ஆகியவற்றைத் திரையில் தொட்டுக் காட்டினான். சிலவற்றின் பெயரை மழலையில் சொல்லவும் செய்தான். வீட்டுக்கு வந்த உறவினர் எல்லோரும் வியந்தார்கள். அதன்பின் பொங்கலுக்கு ஒடுகத்தூர்ப் பக்கம் உள்ள மாமியார் ஊருக்குப் போனோம். அங்கே கொட்டாயில் ஒரு செவலைப் பசுவும் அதன் கன்றும் ஓர் எருமையும் கட்டியிருந்தன. காணொளியில் அவன் நாள்தோறும் பார்த்த பசு வெள்ளை உடம்பில் கருந்திட்டுகள் கொண்டது. கழுத்தில் மணியோடு பச்சைப் புல்வெளியில் நின்று சிரிக்கும். இந்தச் செவலையோ மூச்சு விட்டது, தலையை ஆட்டியது, சாணி போட்டது, அவனைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. அவன் வீறிட்டு அழுது என் தோளை இறுகப் பற்றிக்கொண்டான். எருமையைச் சொல்லவே வேண்டாம். அவன் பார்த்திருந்த அத்தனை காணொளிகளிலும் எருமை ஒன்றுகூட இல்லை. பனிக்கரடியின் பெயர் தெரிந்த குழந்தைக்குத் தன் ஆயா வீட்டு எருமைக்குப் பெயர் தெரியவில்லை.

“பயப்படாத கண்ணு, இது நம்ம மாடு. வா, ஆயாகூட வந்து தவிடு வை” என்று மாமியார் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அருகே போனார். முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தான். மறுநாள் கன்றின் காதைத் தொட்டான். மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் “மாடு, மாடு” என்று தானே கொட்டாயைக் கை காட்டினான். ஆறு மாதக் காணொளி செய்யாததை மூன்று நாள் கொட்டாய் செய்தது என்று அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அந்த ஒப்பீடு முழுவதும் நியாயமானதன்று. பெயர் என்ற ஒன்று உண்டு, சுட்டிக் காட்டினால் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தைக் காணொளியும் ஓரளவு தந்திருக்கலாம். ஆனால் கைப்பேசித் திரையில் எறும்பும் யானையும் ஒரே உள்ளங்கை அளவுதான் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஊரிலிருந்து திரும்பிய பிறகே இதுபற்றித் தேடிப் படித்தேன். 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். எதிரில் அமர்ந்து விளையாடிப் பேசிய ஆளிடமிருந்து குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதே ஆளைத் திரையில் பார்த்த குழந்தைகள் பிடித்துக்கொள்ளவில்லை. 2010இல் ஜூடி டிலோச் குழுவினரின் ஆய்வு என்னை நேரடியாகவே தொட்டது. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகள் சொற்களைக் கற்பிக்கும் காணொளியை நான்கு வாரம் பார்த்தும், பார்க்காத குழந்தைகளைவிடக் கூடுதலாகக் கற்கவில்லை; காணொளியே இல்லாமல் பெற்றோர் அன்றாடப் பேச்சில் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே மிகுதியாகக் கற்றார்கள். காணொளியை விரும்பிய பெற்றோர், தங்கள் குழந்தை உண்மையில் கற்றதைவிட அதிகம் கற்றதாக நம்பினார்கள் என்பதும் அந்த ஆய்வில் இருந்தது. உறவினர் முன்னால் பென்குயினைக் காட்டச் சொன்ன நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், உறவினருடன் எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவது மட்டும் விதிவிலக்கு என்கிறது. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்த எனக்கு இது ஒன்பதாம் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவிலும் அங்கன்வாடி வாசலிலும் பிற பெற்றோரிடம் கேட்டபோது பலவிதமான கருத்துகள் கிடைத்தன. எதையும் எளிதில் ஒதுக்க முடியவில்லை. பின்வீட்டில் பீடி சுற்றும் அக்கா ஒருவர், “ஆயிரம் பீடி முடிக்கணும்னா பிள்ளை ஒரு இடத்துல உட்காரணும், தூளை எடுத்து வாயில போட்டுக்காம இருக்கணும். ஆனை, குதிரை பார்த்துட்டுப் போறான், அதுல என்ன தப்பு?” என்று கேட்டார். புகையிலைத் தூளுக்கும் கைப்பேசிக்கும் நடுவே அவர் செய்த தேர்வைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், காணொளியால் தம் மகள் நாயைக் கண்டு பயப்படுவது குறைந்தது என்றார். தெருநாயைக்கூடப் பயமின்றிக் கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்ற கவலையையும் அவரே சேர்த்துச் சொன்னார். திரையில் வரும் நாய் ஒருநாளும் கடிப்பதில்லை அல்லவா? ஆனால் ஏறக்குறைய எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: கைப்பேசி இல்லாவிட்டால் வாயைத் திறப்பதில்லை. என் வீட்டிலும் அதுவே நடந்தது. சோறூட்டும் நேரத்தோடு காணொளியைச் சேர்த்ததுதான் இந்தப் பயன்பாட்டில் நான் செய்த பெரும்பிழை; அதைப் பிரிக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

காணொளிகளின் தரத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது. இடைவிடாத இசை விலங்கின் உண்மையான குரலை மூடிவிடுகிறது. தமிழில் வருபவற்றில் பல, வேறு மொழிக் காணொளியின் மேல் தமிழ்க் குரலை ஏற்றியவை. பசு ‘மூ’ என்றும் நாய் ‘உஃப்’ என்றும் கத்துகின்றன. நம் வீட்டில் பசு ‘அம்மா’ என்கிறது, நாய் ‘லொள்’ என்கிறது, காக்கை ‘கா’ என்று கரைகிறது; குழந்தை முதலில் கற்கும் சொற்களிலேயே இப்படி வீட்டு ஒலியும் திரை ஒலியும் பிரிந்து போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆடு, எருமை, மைனா, கீரி, ஓணான், அணில் ஆகியவை அரிதாகவே வருகின்றன. இதைவிடப் பெரிய தொல்லை, ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது. ஒருநாள் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தபோது, பண்ணை விலங்குகளில் தொடங்கியது பல்லைக் காட்டிச் சண்டையிடும் டைனோசர் பொம்மைகளில் வந்து நின்றிருந்தது. அன்றிரவு அவன் இருமுறை அலறி எழுந்தான்.

இரண்டு வயது ஆனதும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. புள்ளிமானையும் மயிலையும் ஆசையாகப் பார்த்தான். முதலைத் தொட்டியருகே நெடுநேரம் நின்றோம், முதலை அசையவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, “அம்மா, ஓடல. வேற மாத்து” என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அசையாமல் கிடப்பதும் முதலை செய்யும் ஒரு வேலைதான் என்று எந்தக் காணொளியும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கணவர் அவனைத் தூக்கிப் பிடித்து, “அது வெயில் காயுது, கண்ணை மட்டும் பாரு” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் முதலை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. அதை அவன் வீடு வரும்வரை செய்து காட்டிக்கொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். தானாக ஓடும் வசதியை நிறுத்தி, நான் முன்பே பார்த்துத் தரவிறக்கி வைத்த சிலவற்றை மட்டும், கைப்பேசியில் அல்லாமல் தொலைக்காட்சியில், பதினைந்து நிமிடம், யாராவது அருகில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே போடுகிறோம். நடுவில் நிறுத்தி, “இது எங்கே பார்த்தோம்?” என்று கேட்பேன். வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூணில் பாயும் குதிரையைக் கண்டு அவன் ‘குதிரை’ என்றது இந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த யாளியை முதலில் யானை என்றான், பிறகு சிங்கம் என்றான், பிறகு என்னைப் பார்த்தான். இரண்டும் சரிதான் என்று சொல்லி அதன் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த வகைக் காணொளியை இரண்டு வயதுக்கு முன் நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வயதுக்கு மேல் தேடுபவர்கள், ஒரு விலங்கை ஒரு நிமிடமாவது மாற்றாமல் காட்டுவதையும், அதன் சொந்தக் குரல் கேட்கும்படி அமைதியாக இருப்பதையும் தேர்ந்தெடுக்கலாம். அப்படிக் கிடைப்பது அரிதாக இருந்ததால் நாங்களே எடுக்கத் தொடங்கினோம். ஏரிக்கரையில் எருமைகள் நீரில் இறங்குவது, பொய்கை மாட்டுச் சந்தையில் காளைகள் வரிசையாகக் கட்டியிருப்பது, மாடிச் சுவரில் அணில் ஓடுவது என்று பதினொரு காட்சிகள் இப்போது எங்களிடம் உள்ளன. எல்லாமே அவன் நேரில் பார்த்தவை. அவற்றுள் அவன் அடிக்கடி கேட்பது, ஆயா நொய்யை இறைத்து “பா, பா, பா” என்று கூப்பிட, கழனியிலிருந்து கோழிகள் ஓடிவரும் காட்சி. அது ஓடும்போது அவனும் எழுந்து நின்று கூப்பிடுகிறான்.