புராணம் தேடி ரோம் போகிறவர்களுக்கு: ‘ஃபோரம் பாஸ் சூப்பர்’ டிக்கெட் காசுக்கு மதிப்பா?

ரோம் போகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவது 18 யூரோ டிக்கெட். கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம், அதன் பக்கத்துப் பாலட்டைன் குன்று மூன்றும் அதில் அடக்கம். 24 மணி நேரம் செல்லும். அதே 18 யூரோவுக்கு ‘ஃபோரம் பாஸ் சூப்பர்’ என்று இன்னொன்றும் விற்கிறார்கள். அதில் கொலோசியம் கிடையாது. பதிலுக்கு, சாதாரண டிக்கெட்காரர்களை விடாத, முதல் பேரரசர் அகஸ்டஸின் வீடு, அவர் மனைவி லிவியாவின் வீடு, ரோமுலஸ் கோயில் போன்ற உள்ளிடங்களுக்குள் போகலாம். நகரை நிறுவிய ரோமுலஸ், அடுப்புத்தீயின் தெய்வம் வெஸ்டா, வீரன் ஹெர்குலிஸ் கதைகள் பிடித்தவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். கொலோசியத்தின் பிரம்மாண்டத்தை வெளியே நின்றே பாதி பார்த்துவிட முடியும். ரோமானியர் தங்கள் கதைகள் நடந்த இடமாக நம்பியதெல்லாம் அதன் பக்கத்துக் குன்றிலும் பள்ளத்திலும்தான் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் 24 யூரோவுக்கு இரண்டு நாள் செல்லுகிற ‘ஃபுல் எக்ஸ்பீரியன்ஸ்’ இருக்கிறது. ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் வாங்குங்கள். வாசலில் நின்று ‘வரிசையே இல்லாமல் உள்ளே விடுகிறோம்’ என்பவர்கள் அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது. கொலோசியம் சேர்ந்த டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் சரிபார்ப்பார்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா விடுவதா என்று குழம்பாமல் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள்.

பலரும் ஃபோரத்தில் நுழைந்து, வெயிலில் களைத்து, கடைசியில் குன்றேறுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வியா டி சான் கிரெகோரியோ வாசலில் கூட்டம் குறைவு. நேராகப் பாலட்டைனுக்குக் கொண்டுபோய் விடும். உள்ளிடங்கள் எல்லாம் எல்லா நாளும் திறப்பதில்லை. எது என்றைக்கு என்று முதல் நாளே தளத்தில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், சாப்பாட்டுக்கு இடையில் வெளியே போகிற திட்டம் வேண்டாம்.

குன்றின் தென்மேற்கு மூலையில், கூரை போட்ட ஒரு பாறைத்தளம். பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள், கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் குடிசைகளுக்குக் கம்பம் நட்டவை. ரோமுலஸின் குடிசை இங்கேதான் இருந்தது என்று ரோமானியர் காட்டிவந்தார்கள். அகஸ்டஸ் தன் வீட்டை இதன் பக்கத்தில் வைத்துக்கொண்டது சும்மா இல்லை. தெற்கு விளிம்பில் நின்றால் சர்க்கஸ் மாக்ஸிமஸ் மைதானத்துக்கு அப்பால் தெரிவது அவென்டைன் குன்று. நகரை எங்கே கட்டுவது என்று இரட்டையர் பறவைச் சகுனம் பார்த்தபோது, அங்கே நின்ற ரீமஸ் 6 கழுகுகளைக் கண்டான், இங்கே நின்ற ரோமுலஸ் 12ஐக் கண்டான் என்பது கதை. யார் சகுனம் செல்லும் என்ற தகராறு ரீமஸின் கொலையில் முடிந்தது. படத்தில் பார்த்துப் புரியாத கதை, இரண்டு குன்றையும் கண்ணெதிரே வைத்தால் உடனே புரிகிறது.

அகஸ்டஸ் வீட்டின் சிவப்புச் சுவரோவியங்களைப் பார்க்கக் கொஞ்சம் பேரைத்தான் ஒரு நேரத்தில் விடுவார்கள். வரிசை நின்றால் நில்லுங்கள். லிவியா வீட்டில், நூறு கண் ஆர்கஸ் காவலிருக்கும், ஜூபிடர் காதலித்த ஈயோவின் ஓவியம் மங்கிப்போயிருக்கிறது, கதை தெரிந்தவருக்கே பிடிபடும். பாலட்டைன் அருங்காட்சியகத்தில் அப்போலோவும் ஹெர்குலிஸும் டெல்ஃபி குறிசொல்லும் கோயிலின் முக்காலிக்கு மல்லுக்கட்டும் சுடுமண் பலகையை விட்டுவிடாதீர்கள். அப்போலோவை அகஸ்டஸாகவும் ஹெர்குலிஸை அவர் எதிரி ஆண்டனியாகவும் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார்கள்.

கீழே ஃபோரத்தில்தான் இந்தச் சேவையின் பெரிய குறை: விளக்கப் பலகைகள் போதாது, இருப்பதும் சுருக்கம். அதனால் தப்புத்தப்பாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள். ‘ரோமுலஸ் கோயில்’ நகரை நிறுவியவனுடையது அல்ல. மாக்ஸென்டியஸ் பேரரசன் இளவயதில் கி.பி. 309இல் இறந்த தன் மகன் ரோமுலஸுக்குக் கட்டியது என்பதே பொதுவான கருத்து. அதன் வெண்கலக் கதவு 4ஆம் நூற்றாண்டின் அசல். சீசர் கோயிலின் மண்மேட்டில் பூ வைக்கிறவர்கள் அவர் அங்கே குத்திக் கொல்லப்பட்டதாக நினைக்கிறார்கள். அது தகனம் நடந்த இடம். கொலை நடந்தது தளபதி பாம்ப்பி (Pompey) கட்டிய மண்டபத்தில், இன்றைய லார்கோ அர்ஜென்டினா பக்கம்.

வெஸ்டாவின் தீயைக் காத்த பூசாரிப் பெண்களான வெஸ்டா கன்னியர் மனையின் முற்றத்தில் வரிசையாகச் சிலைகள். ஒரு பீடத்தில் பெயர் செதுக்கி எடுக்கப்பட்டு ‘சி’ என்ற முதலெழுத்து மட்டும் மிச்சம். கிறிஸ்தவத்துக்கு மாறியவளாக இருக்கலாம். இதைவிடத் தெளிவான அழிப்பு பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவில். 203இல் எழுப்பியபோது மகன்கள் காரகல்லா, கேட்டா இருவர் பெயரும் இருந்தன. 211இல் அண்ணன் தம்பியைக் கொன்றதும் கேட்டா பெயரைச் சுரண்டி, புகழ்ச்சொற்களால் நிரப்பினார்கள். எழுத்துத் தொகுதியின் நாலாவது வரியை ஃபோனில் பெரிதாக்கிப் பாருங்கள்: பழைய வெண்கல எழுத்துகளின் ஆணித்துளைகள் புதிய எழுத்துகளோடு ஒட்டவில்லை.

மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபத்தின் அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் யவனர் பொன் கொடுத்து ஏற்றிப்போன மிளகு வந்து சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. பலர் பெயர்கூடத் தெரியாமல் கடந்துபோகிறார்கள்.

நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். நிழல் குறைவு, குடிநீர்க் குழாய் உண்டு, கண்ணாடிப் பாட்டிலும் பெரிய பையும் கூடாது. ஃபோரத்தின் நடுவே போகும் பழைய பாதையான வியா சாக்ராவின் கருங்கற்கள் வழவழப்பும் மேடுபள்ளமும், மழை பெய்தால் வழுக்கும். தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள், குழந்தை வண்டி அங்கே உருளாது. 18 வயதுக்குக் கீழே இலவசம். ரோமுலஸுக்கும் ரீமஸுக்கும் பாலூட்டும் புகழ்பெற்ற ஓநாய்ச் சிலை இந்த பாஸில் இல்லை. அது கேபிடோலைன் அருங்காட்சியகத்தில், தனி டிக்கெட்டில்.