பழைய லப்டொப்புக்கு மாற்று டிவிடி ட்ரைவ்: நாலு வருடம் பாவித்த பிறகு

என் லப்டொப் 2012இல் வாங்கியது. 2020 கடைசியில் அதன் டிவிடி ட்ரைவ் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் எழுதிய இறுவட்டுகளைத்தான் முதலில் வாசிக்க மறுத்தது. கடையில் வாங்கிய பட டிவிடிகள் இன்னும் சில வாரம் ஓடின. பிறகு அவையும் நின்று, பாட்டு சிடி மட்டும் வாசித்தது. கடைசியில் எதைப் போட்டாலும் கிர்ரென்று சுற்றி, இரண்டு மூன்று தரம் டிக் டிக் என்று தட்டிவிட்டு, இறுவட்டைப் போடு என்று திரையில் கேட்கும்.

யூஎஸ்பி வந்த காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் அறுபதுக்கு மேல் இறுவட்டுகள் இருந்தன. தங்கச்சியின் அரங்கேற்றம், மாமாவின் கலியாணம், அப்பாவின் அறுபதாம் கலியாணம், அம்மாவின் ஸ்கான் சிடிகள். வீடியோக்காரர் கொடுத்த டிவிடியைத் தவிர வேறு பிரதி எதற்கும் கிடையாது. அப்பா இப்போது இல்லை. அதனால் ட்ரைவ் போனால் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

சிடியை வாசிக்கும் ட்ரைவ் டிவிடியை ஏன் வாசிக்காது? சிடிக்கு 780 நானோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்யும். டிவிடியின் தடங்கள் சிடியை விட மிக நெருக்கமானவை, ஆகவே லென்ஸில் சின்ன மங்கல் விழுந்தாலும் அடிபடுவது டிவிடிதான். எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறது. ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் ஜன்னல் கண்ணாடி உப்புப் பசையாகிவிடும். லென்ஸ் மட்டும் தப்புமா? காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அல்ககோல் சொட்டு ஒன்று விட்டு, அழுத்தாமல் துடைத்தேன். இரண்டு கிழமை நன்றாக ஓடியது, திரும்பவும் பழைய கதை. லேசரே களைத்துவிட்டது என்று அப்போது முடிவு செய்தேன்.

உங்கள் ட்ரைவ் விண்டோஸில் பெயரே காட்டாமல் மறைந்துவிட்டால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான உபுண்டுவை யூஎஸ்பியில் போட்டு இயக்கிப் பாருங்கள். அங்கே ட்ரைவ் வேலை செய்தால் கோளாறு மென்பொருளில், காசு செலவழிக்கத் தேவையில்லை.

2021 பெப்ரவரியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். முதல் கடையில் லப்டொப்பின் மொடலைக் கேட்டுவிட்டு, இது சரிவரும் என்று ஒன்றைத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, என்னுடையது 12.7. உள்ளே போனது, ஆனால் ஆடியது, மேலே இடைவெளி. திருப்பிக் கொண்டுபோனபோது பெட்டி திறந்த சாமானை எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தக் காசு போனதுதான். இன்றும் அது எனக்கு வருத்தம், ஏனென்றால் நான் பழைய ட்ரைவைக் கழற்றிக் கையில் கொண்டுபோயிருந்தால் நடந்திருக்காது.

இரண்டாவது தரம் கழற்றிக் கொண்டுதான் போனேன். இந்த முறை வேறு கடை. அங்கே இருந்த கடைக்கார நானா அடிமட்டம் எடுத்து உயரத்தை அளந்தார், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, லப்டொப் பேரை விடுங்க. உயரமும் பின்பக்கக் கனெக்டரும் சரியா இருந்தா எதுவும் ஓடும்” என்றார். அது உண்மை. எந்தக் கம்பனி லப்டொப் ஆனாலும் உள்ளே இருக்கும் ட்ரைவ் பெரும்பாலும் ஹிட்டாச்சி-எல்ஜி, தோஷிபா-சாம்சுங், பனாசோனிக் போன்ற சில தயாரிப்பாளர்களுடையதுதான். கனெக்டர் ஸ்லிம் சாட்டா என்ற சின்ன வகை, 13 பின். ஹார்ட் டிஸ்க்கின் சாட்டாவில் 22 பின், அது இதற்குப் பொருந்தாது. இன்னும் பழைய லப்டொப்புகளில் ஐடிஈ என்ற பழைய வகைக் கனெக்டர் இருக்கும், அதையும் இதையும் மாற்றிப் போட முடியாது.

ட்ரைவ் இருந்த இடத்தில் கேடி, அதாவது இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகம், போடச் சொல்லியும் நானா கேட்டார். பலருக்கு அது நல்ல யோசனை. எனக்கு இறுவட்டுத்தான் தேவை என்றதும் விட்டுவிட்டார். பாவித்த ட்ரைவ் ஒன்று 3,500 ரூபா. காசு கொடுக்கும் முன் அவருடைய மேசையிலேயே அதைப் போட்டு, நான் கொண்டுபோன அரங்கேற்ற டிவிடியை ஓடவிட்டுப் பார்த்தேன். பாவித்த ட்ரைவ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடையில் அச்சடித்த படம் ஓடினால் மட்டும் நம்ப வேண்டாம், வீட்டில் எழுதிய பழைய டிவிடி ஒன்று ஓட வேண்டும். எந்தப் பிராந்தியத்துப் பட டிவிடிகள் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் ரீஜன் அமைப்பையும் பாருங்கள். இலங்கை ரீஜன் 5. ஒரு ட்ரைவில் இதை ஐந்து தரம்தான் மாற்றலாம், முந்தைய சொந்தக்காரர் எல்லாவற்றையும் முடித்திருந்தால் கடைசியாக வைத்ததோடு நின்றுவிடும்.

பொருத்துவது பத்து நிமிட வேலை. சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் ட்ரைவ் வெளியே வழுக்கி வரும். பின்னால் இருக்கும் சின்னத் தகட்டை மறக்காமல் புதியதற்கு மாற்ற வேண்டும், ஸ்க்ரூ பிடிப்பது அதில்தான். முன்பக்க பிளாஸ்டிக் மூடிதான் பொறுமை கேட்கும். மூடியில் இருக்கும் குட்டித் துளைக்குள் பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தி, தட்டத்தை வெளியே எடுத்து, மூடியின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் உடையும். சொஃப்ட்வெயர் எதுவும் போடவில்லை, இயக்கியதுமே விண்டோஸ் கண்டுகொண்டது. டிவிடி படம் பார்க்க விஎல்சி போன்ற வீடியோ மென்பொருள் வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 8இலிருந்து அந்த வசதி கூடவே வருவதில்லை.

இப்போது நாலு வருடம் தாண்டிவிட்டது. வாசிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. மூடி ஒரு பக்கம் மயிரிழை வெளியே நிற்கிறது, பட்டனைச் சில நேரம் இரண்டு தரம் அமத்த வேண்டியிருக்கிறது. இறுவட்டை நடுவில் டக் என்று சத்தம் கேட்கும்வரை அமத்தாவிட்டால் உள்ளே உரசும். இவ்வளவுதான்.

வெளியே செருகும் யூஎஸ்பி ட்ரைவ் வாங்கியிருக்கலாமே என்று இடையில் யோசித்ததுண்டு. 2022 மின்வெட்டுக் காலத்தில் அந்த யோசனை போய்விட்டது. மார்ச் கடைசியில் 13 மணித்தியால வெட்டு அறிவித்த நாட்களில், இருட்டில் அம்மாவுக்கு அரங்கேற்ற டிவிடியைப் போட்டுக் காட்டினேன். யூஎஸ்பி 2.0 வாயில் 500 மில்லி அம்பியர்தான் கொடுக்கும், இறுவட்டு சுற்றத் தொடங்கும் நேரம் ட்ரைவ் அதைவிடக் கூட இழுக்கும். நண்பனுடைய யூஎஸ்பி ட்ரைவ் என் லப்டொப்பில் இரண்டு யூஎஸ்பி வாய்களில் ஒரே நேரத்தில் செருகினால்தான் சுற்றியது. உள்ளே இருக்கும் ட்ரைவில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனாலும் பற்றரி சீக்கிரம் இறங்கியது. அதன்பிறகு பார்க்கவேண்டியதை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்துதான் ஓடவிடுவேன்.

மற்ற இறுவட்டுகளையும் அப்படியே ஒவ்வொன்றாக ஏற்றினேன். சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சணம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே ஓடிவிடும். நல்ல டிவிடி பதினைந்து நிமிடத்துக்குள் முடியும். அம்மாவின் ஸ்கான் சிடிகளை முழுப் பிரதியாக எடுத்து, லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பாவின் அறுபதாம் கலியாண டிவிடிதான் கடைசி வரை மல்லுக்கட்டியது. பாதியில் நின்றுவிடும். உபுண்டுவில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். வாசிக்க முடியாத இடங்களை அது ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து முயற்சி செய்யும். பின்பக்கமிருந்து முன்னோக்கியும் வாசிக்க வைக்கலாம். காலையில் எழும்பிப் பார்த்தபோது பெரும் பகுதி வந்திருந்தது. பிறகு அதே குறிப்புக் கோப்போடு நண்பனின் யூஎஸ்பி ட்ரைவிலும் தொடர்ந்தேன். ஒரு ட்ரைவ் விட்ட இடத்தை மற்றது சில நேரம் பிடிக்கும், இங்கும் இன்னும் கொஞ்சம் கிடைத்தது.

தாலி கட்டும் இடம் முழுதாக வந்துவிட்டது. கடைசி எட்டு நிமிடம் இன்னும் வரவில்லை, அதில் அப்பா ஆட்களுக்கு நன்றி சொல்லிக் கதைத்தது இருக்கிறது. அந்த இறுவட்டைத் தனி உறையில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்திருக்கிறேன். வேறு யாருடைய ட்ரைவாவது கையில் கிடைக்கும்போதெல்லாம் அதே கோப்போடு இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.