வில்ட்ஷயர் பழைய மேப் செட் வாங்கினேன், எப்படி இருக்குன்னு சொல்றேன்

இங்கிலாந்துல வில்ட்ஷயர்னு ஒரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்க சாலிஸ்பரில பழைய மேப்போட ரீப்ரிண்ட் விக்கிற சின்னக் கடை ஒண்ணு இருக்கு, போன மாசம் அங்க வில்ட்ஷயர் கவுண்டி மேப் செட் ஒண்ணு வாங்கினேன், 38 பவுண்டு. அன்னைலேர்ந்து டைனிங் டேபிள் மேலயே தான் கெடக்கு, சுருட்டி வைக்க மனசே வரல.

செட்டுல 18ம் நூற்றாண்டு கவுண்டி மேப் ஒண்ணு, நல்ல கெட்டி பேப்பர். கூடவே கண்ணாடி மாதிரி மூணு ஷீட்டு, ஒண்ணுல 1832 பார்லிமென்ட் தொகுதி எல்லை, அடுத்ததுல 1885, மூணாவதுல 2024. மேப் மேல ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துக்கலாம்.

முதல்ல மேப்ப சொல்றேன். அந்தக் காலத்து மேப்புல ஊர் பேருக்குப் பக்கத்துல குட்டி குட்டியா நட்சத்திரம் போட்டிருப்பாங்க, எத்தனை நட்சத்திரமோ அந்த ஊருக்கு அத்தனை எம்பி. சாலிஸ்பரிக்கு ரெண்டு, பக்கத்துல வில்டனுக்கு ரெண்டு, நடுவுல மேல ஓல்ட் சாரம்னு ஒரு மொட்டை மேடு, அதுக்கும் ரெண்டு. என் கட்டை விரல வச்சா ஆறு நட்சத்திரமும் மறைஞ்சிடுது, அதாவது கட்டை விரல் அளவு இடத்துக்கு ஆறு எம்பி. மொத்தம் எண்ணினா 16 ஊருக்கு 32, கவுண்டிக்குன்னு தனியா ரெண்டு, ஆக 34. அதே காலத்துல லங்காஷயர் மொத்தத்துக்கும் 14 தான், அங்க இருந்த மான்செஸ்டருக்கு 1832 வரைக்கும் தனியா ஒரு எம்பி கூட கிடையாது. இத நான் முன்னாடியே படிச்சிருக்கேன், ஆனா விரல வச்சு எண்ணும்போது தான் வயித்தெரிச்சலா இருந்துச்சு.

ஓல்ட் சாரம் நான் நேர்ல போன இடம். பழைய கோட்டை மேடு, கோட்டை இடிஞ்சு கெடக்கு, கதீட்ரல் இருந்த எடத்துல புல்லுல அஸ்திவாரம் மட்டும் தெரியும். 1220ல கீழ சாலிஸ்பரில புது கதீட்ரல் கட்ட ஆரம்பிச்சாங்க, ஜனமும் மெதுவா கீழ போயிடுச்சு, எம்பி சீட்டு மட்டும் மேட்டுலயே நின்னு போச்சு. ஓட்டு மனுஷனுக்கு இல்ல, குறிப்பிட்ட நிலத்துக்கு, அந்த நிலம் யார் கையில இருக்கோ அவங்க ஆளு தான் பார்லிமென்ட் போவாரு. எலக்‌ஷன் எங்க நடந்துச்சுன்னா வயல்ல ஒரு மரத்தடில, அதுக்குப் பேரே பார்லிமென்ட் மரம்.

இதுல நம்மூர் சம்பந்தமும் இருக்குங்க. 1691 வாக்குல அந்த ஓல்ட் சாரம் நிலத்த வாங்கினவரு தாமஸ் பிட், இந்தியாவுல கிழக்கிந்திய கம்பெனிய மீறி தனியா வியாபாரம் பண்ணி சம்பாதிச்ச ஆளு. அப்புறம் அதே கம்பெனிக்காக 1698லேர்ந்து 1709 வரைக்கும் மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைல கவர்னர். மெட்ராஸ்ல அவர் வாங்கின 410 கேரட் வைரத்த 1717ல பிரான்ஸ் ராஜ குடும்பத்துக்கு வித்தாரு, வெட்டித் தீட்டின அந்தக் கல்லு இன்னைக்கு பாரிஸ் லூவர்ல இருக்கு. அவரோட பேரன் வில்லியம் பிட் 1735ல பார்லிமென்ட்டுக்குள்ள நுழைஞ்சதே ஓல்ட் சாரம் சீட்டுல தான், பின்னால பிரதமரும் ஆனாரு. அவரே 1766ல பார்லிமென்ட்ல எழுந்து, இந்த மாதிரி சீட்டெல்லாம் நம்ம அரசியலமைப்புல அழுகிப் போன பாகம், நூறு வருஷம் தாங்காதுன்னு பேசினாரு. 66 வருஷம் தாங்குச்சு, 1832 சீர்திருத்தச் சட்டம் வந்து தான் போச்சு. அந்த மேட்டுல நின்னுக்கிட்டு நம்ம மெட்ராஸ் கோட்டைய நெனச்சுப் பாத்தேன், ரொம்ப நேரம் அங்கேர்ந்து நகர முடியல.

சரி, ஷீட்டுக்கு வரேன். 1832 ஷீட்ட வச்சா ஓல்ட் சாரம், டவுன்டன், ஹிண்டன், ஹேட்ஸ்பரி, லட்கர்ஷால், கிரேட் பெட்வின், வூட்டன் பாசெட் ஏழும் காலி, கவுண்டிய வடக்கு தெற்குன்னு ரெண்டா பிரிச்சு கோடு. 34 வந்து 18 ஆகுது. 1885 ஷீட்டுல இன்னும் சுருங்கி ஆறு. இந்த ஷீட்டு தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா கவுண்டிய கிட்டத்தட்ட இன்னைக்கு மாதிரி ஒத்தை எம்பி தொகுதியா வெட்டின முதல் தடவ இது தான்.

குறைன்னு சொன்னா ரெண்டு. பழைய மேப்போட அளவு இன்னைக்கு அளவோட சரியா பொருந்தாது, சாலிஸ்பரிகிட்ட ஷீட்ட ஒட்ட வச்சா மேல ஸ்விண்டன்கிட்ட ஒரு விரல்கடை தள்ளிப் போகுது, நாலு மூலைலயும் காசு வச்சு அழுத்திக்கிட்டு தான் பாக்குறேன். ரெண்டாவது, கூட வந்த விளக்கத் தாள்ல மொத்தம் 32னு போட்டிருக்காங்க, கவுண்டியோட ரெண்ட விட்டுட்டாங்க. மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல திருத்தின தாள் தபால்ல வந்துச்சு, அது நல்ல விஷயம்.

இல்லாத ஒண்ணும் இருக்கு. நான் ஸ்விண்டன்ல இருக்கேன், மேப்புல எங்க ஊரு நட்சத்திரமே இல்லாத சந்தை ஊரு. 1782ல பக்கத்து கிரிக்லேடு தொகுதில லஞ்சம் தாங்காம, சுத்துப்பட்டுல நிலம் வச்சிருந்தவங்களுக்கும் சேத்து ஓட்டு குடுத்து எல்லைய பெருசாக்கினாங்க, அதுல தான் ஸ்விண்டனும் உள்ள வந்துச்சு. ரயில்வே ஒர்க்‌ஷாப் வந்து கிரிக்லேட விட பல மடங்கு வளந்த பிறகும் தொகுதி பேரு கிரிக்லேடு தான், 1918ல தான் ஸ்விண்டன்னு தனியா ஆச்சு, 1997ல ரெண்டா பிரிஞ்சுச்சு. அந்த 1782 எல்லைக்கும் 1918க்கும் ஷீட்டு போட்டா இன்னும் 10 பவுண்டு சேத்து குடுக்கவும் நான் ரெடி.

கடைசி ஷீட்டு 2024. இப்போ ஒரு தொகுதில 69,724லேர்ந்து 77,062 வாக்காளர் வரைக்கும் இருக்கணும்னு கணக்கு, அதனால கோடு கவுண்டி எல்லைய மதிக்கிறதில்ல. மாம்ஸ்பரி இருக்க சவுத் காட்ஸ்வோல்ட்ஸ் தொகுதிக்கோடு மேல போயி குளஸ்டர்ஷயருக்குள்ள பூந்து, மேப் முடிஞ்ச பிறகும் வெறும் டேபிள் மேல ஓடுது. ஷீட்ட மேப்ப விட பெருசா வெட்டியிருக்காங்களேன்னு முதல்ல குழம்பினேன், இதுக்காகத் தான்.

அஞ்சுக்கு நாலரை. ட்யூப்ல சுருட்டி அனுப்புறாங்க, வந்ததும் கனமான புக்கு கீழ ரெண்டு நாள் வச்சுடுங்க, இல்லன்னா ஷீட்டு படியாது.