சீன் குழுவா, டாரன்ட் குழுவா?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் டீக்கடையில் எங்களுக்கு இந்தப் பேச்சுதான்: படங்களையும் மென்பொருளையும் இணையத்தில் திருட்டுத்தனமாக வெளியிடும் இந்த இரண்டு வகைக் குழுக்களில் எது மேல்?

'சீன்' என்பது இப்படி வெளியிடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மூடிய உலகம். ரகசிய சர்வர்கள், முந்தி வெளியிடும் குழுவுக்கே பெயர், படத்தின் தரத்துக்கு எழுதிவைத்த விதிகள், மீறினால் அந்த வெளியீடே செல்லாது என்று அறிவித்துவிடுவார்கள். 2001 டிசம்பரில் 'ஆபரேஷன் பக்கனீர்' என்ற பெயரில் அதிகாரிகளின் அதிரடிச் சோதனைகள் பல நாடுகளில் நடந்து ட்ரிங்க்ஆர்டை (DrinkOrDie) என்ற சீன் குழுவைச் சிதறடித்தன. ஒழுங்கு என்று பார்த்தால் எனக்குச் சீன்தான், ஆனால் படம் எடுத்தவருக்கு இரண்டிலும் ஒரு ரூபாய்கூடப் போகாது என்பது மனதை உறுத்துகிறது.

டாரன்ட் என்பது பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் முறை; டாரன்ட் குழுக்கள் எல்லோருக்கும் கொடுக்கவே வெளியிடுகிறார்கள். கோப்பு துண்டு துண்டாக வருவதால் எங்கள் மலையில் நெட் போய்ப் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்புறம், இறக்குகிறவரே ஏற்றுகிறவரும் ஆகிறார், அவருடைய ஐபி முகவரியும் (இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்) மற்றவர்களுக்குத் தெரியும். சீன் ஆட்கள் டாரன்ட்டை வெறுத்ததற்கு இப்படி வெளிச்சத்துக்கு வந்துவிடும் பயமும் ஒரு காரணம்.