கக்குவான் இருமல்: பச்சைக் குழந்தைக்கு எந்தக் காவல் பலம்?

கக்குவான் இருமலுக்கான முதல் ஊசியை நம் நாட்டில் ஆறாவது வாரத்தில் போடுகிறார்கள். பிரிட்டனில் எட்டாவது வாரம். இந்த நோயில் குழந்தைகள் இறப்பதோ பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். அந்த வயதில் இருமலே பெரிதாக இருக்காது. திடீரென மூச்சு நிற்கும், உடல் நீலம் பாரிக்கும். இந்த இடைவெளியை அடைக்க மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, வீட்டில் உள்ளவர்களை வேலியாக்குவது. அப்பா, பாட்டி, தாத்தா எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டால் கிருமி குழந்தையை நெருங்காது என்பது கணக்கு. அமெரிக்கா முதலில் இதைத்தான் நம்பியது. ஆனால் ஒருவர் விட்டுப்போனாலும் வேலியில் ஓட்டைதான். அதோடு, 2013இல் வெளியான ஒரு பபூன் குரங்கு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: செல்லற்ற வகை ஊசி (முழுக் கிருமி இல்லாமல் அதன் சில பகுதிகளை மட்டும் கொண்டது) போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி தங்கி மற்றவற்றுக்குப் பரவியது.

அடுத்தது தாய்ப்பால். கன்றுக்குட்டிக்கு எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், முழுக்கச் சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதன் குடல் அதை இரத்தத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். மனிதக் குழந்தையின் குடல் அப்படிச் செய்வதில்லை. பாலில் வரும் ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருள் குடலின் மேற்பரப்பிலேயே நின்று காக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு அது அருமையான காவல். மூச்சுக்குழாயைத் தாக்கும் கக்குவானுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சரி, அதற்காகச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள்!

மூன்றாவது, கர்ப்பிணிக்கே ஊசி. என் ஓட்டு இதற்குத்தான். தாயின் இரத்தத்தில் உள்ள ஐஜிஜி வகை எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி தானாகவே இழுத்துக் குழந்தையின் இரத்தத்தில் சேர்க்கிறது. கடைசி மாதங்களில் இந்த வேகம் கூடும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கும். இங்கிலாந்தில் 2012இல் 14 கைக்குழந்தைகள் இறந்தன; அந்த ஆண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சுமார் 91% பாதுகாப்பு கிடைத்ததாக 2014இல் கணக்கிட்டார்கள். மற்ற இரண்டு வழிகளிலும் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. எதிர்ப்பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும், அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். குறைமாதக் குழந்தைக்குக் குறைவாகவே போய்ச் சேரும். பிரிட்டன் 2016இல் 16ஆவது வாரத்திலிருந்தே போடலாம் என்று மாற்றியதற்கு இது ஒரு காரணம். அப்புறம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் சொந்த ஊசிக்கான பதிலைச் சற்று மட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்தான வாரங்களைத் தாண்டிவிட இந்த விலை கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

நம் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் போடும் டிடி ஊசியில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான் மருந்து உண்டு, கக்குவானுக்கு இல்லை. அதற்கு, மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டிடாப் ஊசி வேண்டும். தனியார் மருத்துவர்கள் பொதுவாக 27 முதல் 36ஆவது வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். உங்கள் அட்டையில் இருப்பது எது என்று அடுத்த பரிசோதனையில் கேளுங்கள்.